காகிதத்தைத் தரையில் விரியுங்கள்

நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் "வடக்கு எங்கே?" என்று கேட்டால் விரல் பல நேரம் கூரையைக் காட்டும். சுவரில் தொங்கும் வரைபடத்தில் இமயமலை மேலேதானே இருக்கிறது? மதுரைப் பிள்ளைக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. வாத்தியார் வடக்கை 'மேலே' என்கிறார். ஊரில் மேலமாசி வீதி மேற்கில் கிடக்கிறது.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் விரித்து, அதன் வடக்கை ஊரின் வடக்கோடு பொருத்தி வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வெற்றுத்தாளை அதேபோல் போட்டுப் பிள்ளையையே வரையச் சொன்னால் மீதியும் தீரும்.

மதுரை அதற்குத் தோதான ஊர். நடுவே மீனாட்சி கோயில். அதைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாக வீதிகள். ஒவ்வொரு வீதியும் தன் திசையைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம், மேற்கு வெளி வீதியில் ரயில் நிலையம், வடக்கே வைகை. தெற்குக் கோபுரம்தான் உயரம் என்பதால் அதைப் பெரிதாகப் போடுவார்கள், போடட்டும். பிறகு சித்திரைத் தேர் போகும் வழியை அம்புக்குறியால் காட்டச் சொல்லுங்கள். கீழமாசி, தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி. நான்கு திசையும் வரிசையாக வந்துவிடும், மனப்பாடம் இல்லாமல்.

முதலில் வரையும் தெருவில் வீடுகள் இருபுறமும் மல்லாந்து படுத்திருக்கும். கதவு, ஜன்னல் எல்லாம் தெரியும். அதைத் தப்பு என்று அடித்துவிடக் கூடாது. நடந்துபோகிறவர் கண்ணுக்குத் தெருவில் முகப்புகள்தானே தெரியும்? மேலிருந்து பார்ப்பது தனியாகப் பழக வேண்டிய வித்தை. டிபன் பாக்ஸைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்துவிட்டு எடுத்தால் மிஞ்சும் வடிவம்தான் அது. அடுத்து பெஞ்ச், பிறகு வகுப்பறை, பிறகு பள்ளிக்கூடம்.

சரி, வடக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? மொபைலை எடுக்க வேண்டாம். சூரியன் உதிக்கும் பக்கம் கிழக்கு என்பதும் உத்தேசம்தான். மார்ச், செப்டம்பர் மாதங்களின் சம இரவு நாட்களில்தான் அது நேர்க்கிழக்கில் உதிக்கிறது. ஜூனிலும் டிசம்பரிலும் மதுரையில் ஏறக்குறைய 24 டிகிரி விலகிவிடும். 'நண்பகல் நிழல் வடக்கே விழும்' என்று சில புத்தகங்கள் சொல்கின்றன. அது குளிர்தேசத்துக்குப் பொருந்தும். நம் மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும்.

எந்த மாதத்திலும் பிசகாத வழி ஒன்று இருக்கிறது. மைதானத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் மேற்கு-கிழக்குக் கோடு. முதல் புள்ளி மேற்கு. பிள்ளைகளுக்கு இதில் உள்ள குஷியே தனி, காத்திருக்க வேண்டும் என்பதால். பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய நக்கீரரின் நெடுநல்வாடையில் அரண்மனை கட்டுகிறவர்களும் கோல் நட்டு, நண்பகல் நிழலைப் பார்த்துத்தான் திசை குறிக்கிறார்கள்.

சில பிள்ளைகள் வைகையைத் தாளின் அடியில் வரைவார்கள். திருத்த வேண்டியதில்லை. சிசிலி மன்னன் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் அல் இத்ரீசி உருவாக்கிய உலகப் படத்தில் தெற்குதான் மேலே. இடைக்கால ஐரோப்பியர் பலர் கிழக்கை மேலே வைத்தார்கள். எதை மேலே வைத்தாலும் வடக்கு எந்தப் பக்கம் என்று ஓர் அம்பு போட்டாக வேண்டும். மதிப்பெண் குறைப்பதானால் அந்த அம்பு இல்லாத படத்துக்குக் குறையுங்கள்.