வண்டி ஆயில் குடிக்குதா?

நண்பர்களோட காசு சேர்த்து ஒரு பழைய 796 சிசி கார் வாங்கிட்டீங்க. மாசம் ஒரு லிட்டர் ஆயில் காணோம், கீழே ஒழுகவும் இல்லை. "எஞ்சினை இறக்கிடலாம் தம்பி" என்பார் மெக்கானிக். கொஞ்சம் பொறுங்க.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் மட்டும் நீலப்புகை வந்தால், பெரும்பாலும் வால்வு சீல்தான். சின்ன ரப்பர் சமாச்சாரம். மிதிக்கும்போதெல்லாம் புகை தள்ளினால் ரிங் மேல் சந்தேகப்படலாம். கம்ப்ரஷன் அளந்து பாருங்க. குறைவா இருந்தால் பிளக் துளை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்க. ஏறினால் ரிங்கோ போரோ தேய்ஞ்சிருக்கு. கம்ப்ரஷன் நல்லா இருக்குன்னும் நிம்மதி ஆகிடாதீங்க! அதைப் பிடிப்பது மேல் இரண்டு ரிங். ஆயிலை வழிப்பது மூன்றாவது. அதன் காடியில் உள்ள துளைகள் கரியால் அடைச்சாலே ஆயில் மேலே போய் எரியும்.

பிரிச்சாச்சா? போரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும் குறுக்கும் நெடுக்குமா அளங்க. மேனுவல் சொல்லும் வரம்புக்குள் இருந்தால் ஹோனிங்கும் புது ரிங்கும் போதும். தாண்டினால் ரீபோர், ஓவர்சைஸ் பிஸ்டன். பிஸ்டனை முதலில் வாங்கி லேத்தில் கொடுங்க, அதை அளந்துதான் கடையணும்.

கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும் போரில் அப்படியே புது ரிங் போடுறதுதான் நம்ம பசங்க செய்யும் தப்பு. ஹோனிங்கின் குறுக்குக் கோடுகள் இல்லாவிட்டால் ரிங் உட்காராது, செலவழித்த காசும் புகையாத்தான் போகும். ஹோனிங் முடிஞ்சதும் போரை சோப்புத் தண்ணீரில் தேய்ச்சுக் கழுவி, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாத வரை துடைச்சு, உடனே ஆயில் தடவுங்க. பெட்ரோல் மட்டும் போட்டுத் துடைச்சால் அந்தத் தூள் போகாது.