கிளியின் பகைவர்கள் உழவரின் நண்பர்கள்

துறையூரை அடுத்த பச்சைமலை அடிவாரத்தில் மக்காச்சோளக் கதிர் பால் பிடித்துவிட்டால், காலையிலும் மாலையிலும் கிளிக்கூட்டம் வந்து இறங்கும். கிளி தின்பதோடு நிற்பதில்லை. கொறித்துக் கீழே தள்ளி வீணாக்கவும் செய்யும். அது கிழித்த கதிரில் மழைநீர் புகுந்தால் மீதி மணிகளிலும் பூசணம் பிடிக்கும். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் உழவருக்கு இது பெரிய இழப்பு. ஆனால் கிளிக்கும் இயற்கையில் பகைவர்கள் உண்டு. அவற்றை அறிந்து காப்பது நன்மை தரும்.

பகைவர்கள் யார்?

பச்சைக்கிளி பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மரப்பொந்தில் 3 அல்லது 4 முட்டைகள் இடும். சுமார் 22 நாட்களில் குஞ்சு வெளிவரும். அது பறக்க மேலும் ஏறக்குறைய 7 வாரங்கள் ஆகும். இக்காலமே கிளிக்கு ஆபத்தானது. மரமேறும் பாம்புகளும் காக்கையும் முட்டையையும் குஞ்சையும் தின்னும். மைனா பொந்துக்குப் போட்டியிடும். பறக்கப் பழகும் குஞ்சை வல்லூறு அடிக்கும். வளர்ந்த கிளியையும் ராசாளி பிடிக்கும். பேன், சிற்றுண்ணி, குடற்புழு முதலிய ஒட்டுண்ணிகளும் கிளியைத் தாக்கி, குஞ்சுகளை நலிவடையச் செய்யும்.

செய்யக்கூடாதவை

கிளி தங்குகிறதென்று பொந்து மரத்தை வெட்டக்கூடாது. வயல் எலியைப் பிடிக்கும் கூகையும் ஆந்தையும் அத்தகைய பொந்துகளில்தான் வாழ்கின்றன. விஷம் கலந்த தானியத்தை வைத்தால், அதைத் தின்ற பறவையைப் பிடிக்கும் வல்லூறும் மடியக்கூடும். மேலும், கிளியைக் கொல்வதும் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

வயலில் செய்ய வேண்டியவை

கிளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் வல்லூறுகள் மிகக் குறைவு. எனவே, பகைவர்களை மட்டும் நம்பியிராமல் கீழ்க்கண்டவற்றையும் கையாள வேண்டும்.

1. ஊரில் அனைவரும் ஒரே சமயத்தில் விதைக்க வேண்டும். முந்தியோ பிந்தியோ முற்றும் தனி வயலில்தான் சேதம் அதிகம்.

2. கிளி ஓரத்திலிருந்தே தொடங்கும். ஓர வரிசைகள் மூன்று, நான்கில் மட்டும் கதிரை அச்செடியின் தோகையாலேயே சுற்றிக் கட்டலாம்.

3. மினுமினுக்கும் ரிப்பனை முறுக்கி வயலின் மேல் கட்டலாம். பால் பிடிக்கும் முன்பே கட்டினால் கிளிக்குப் பழகிவிடும்.

4. பூச்சி, எலிகளைப் பிடிக்கும் பறவைகளுக்காக நட்ட பறவைத்தாங்கிகளைக் கதிர் பால் பிடித்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிடில் அவற்றில் கிளியே வந்து அமரும்.

5. சூரியகாந்தியில் தலை கவிழ்ந்து நிற்கும் இரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். கிளி அவற்றைக் கொத்துவது கடினம்.

6. அதிகாலையிலும் மாலையிலும் பரணில் ஒருவர் காவல் இருக்க வேண்டும். பக்கத்து வயல்காரர்கள் முறை வைத்துக்கொண்டால் கூலிச் செலவு மிச்சமாகும்.

பொந்து மரத்தையும் வல்லூறையும் காத்து, கதிர் பால் பிடித்தது முதல் அறுவடை வரை விழிப்பாக இருந்தால், உழவர்கள் கிளிச்சேதத்தைப் பெருமளவு குறைத்துப் பயன் பெறலாம்.