பிடில் வித்வான் துவாரம் வேங்கடசாமி நாயுடு

பிடில் என்னும் வாத்தியம் மேனாட்டிலிருந்து நம் ஸங்கீதத்தினுள் புகுந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் இளவலாகிய பாலுஸ்வாமி தீக்ஷிதர் அதனை ஓர் ஐரோப்பியரிடம் பயின்று நம் இசைக்கு இசைவித்தார் என்பர். மேனாட்டார் அதனை மோவாயின்கீழ் இடுக்கி வாசிப்பர். நம்மவரோ தரையில் அமர்ந்து, அதன் தலையை வலக்காலின்மேல் ஊன்றிக்கொள்வர். இதனால் இடக்கை வாத்தியத்தைத் தாங்கும் சுமையினின்று விடுபட்டு, விரல்கள் தந்திமீது தடையின்றி வழுக்கிக் கமகங்களைக் காட்ட இயலுகின்றது. ஆயினும் நெடுங்காலம் பிடில் பாடுவோரின் நிழலாகவே இருந்தது. அதனைத் தன் குரலில் பேசவைத்த பெரியோருள் ஒருவரைப் பற்றி ஈண்டுச் சில கூறுவோம்.

துவாரம் வேங்கடசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டில் பெங்களூரில் பிறந்து விசாகப்பட்டினத்தில் வளர்ந்தார். இளமையிலேயே கண்பார்வை மிகக் குன்றியிருந்தமையால் பள்ளிப்படிப்பு இடையில் நின்றது. ஏட்டைப் பார்க்கமுடியாத சிறுவனுக்கு அக்காலத்தில் வேறு பிழைப்பு யாது? தமையனார் வேங்கடகிருஷ்ணய்யா அவர் கையில் பிடிலைக் கொடுத்தார். நம் ஸங்கீதமோ, குருவின் வாய்கேட்டுக் கற்கும் வித்தை. கண் மறுத்ததைச் செவி அளித்தது.

1919-ஆம் ஆண்டில் விஜயநகரத்தில் மகாராஜா ஸங்கீதக் கலாசாலை தோன்றிற்று. (துங்கபத்திரைக் கரையிலுள்ள பழைய விஜயநகரமன்று இது, விசாகப்பட்டினத்திற்கு அணித்தாயுள்ள ஜமீன் நகரம்.) ஹரிகதையில் புகழ்பெற்ற ஆதிபட்ல நாராயண தாஸ் அதன் முதல் தலைவர். மாணாக்கராகச் சேரும் எண்ணத்துடன் சென்ற நாயுடுவின் வாசிப்பைக் கேட்டு, அவரை ஆசிரியராகவே அமர்த்திவிட்டனர் என்று சொல்வதுண்டு. அப்பொழுது அவருக்கு வயது 26. பின்னர் 1936-இல் அக்கலாசாலையின் தலைவராகவும் ஆனார்.

அவர் வாசிப்பின் சிறப்பு வில்லில் இருந்தது. பிடில் பயிலத் தொடங்குவோர் பெரும்பாலும் இடக்கை விரல்களையே எண்ணிக் கவலையுறுவர். ஆனால் விரல் ஸ்வரத்தின் இடத்தைக் குறிக்குமேயன்றி, நாதத்தைப் பிறப்பிப்பது வில்லே. வில்லை அழுத்தும் அளவு, இழுக்கும் வேகம், குதிரையினின்று அது நிற்கும் தூரம் ஆகிய மூன்றும் ஒத்துவந்தாலன்றிக் கீச்சொலியே எஞ்சும். இதனைப் பக்கத்து வீட்டார் நன்கு அறிவர்! நாயுடு மேனாட்டு வாசிப்பு முறையையும் ஊன்றிக் கவனித்தவர். நீண்டு சீராக ஓடும் அவர் வில்லிலே அந்நாட்டார் நாதத் தூய்மை தென்பட்டது. ராகமோ சிறிதும் நம் மரபு வழுவாதது. கடன்பெற்ற பொருளை இவ்வாறு தன்வயமாக்கிக்கொள்ளுதல் எளிதன்று எனக் கருதுகிறோம். பக்கவாத்தியமாக மட்டுமன்றித் தனிக் கச்சேரிகளாலும் அவர் பெரும்பெயர் எய்தினார்.

சென்னை ஸங்கீத வித்வத் சபை 1941-இல் அவருக்கு ஸங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. 1957-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. 1964-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் காலமானார். தமையனார் தொடங்கிவைத்த அவ்வித்தையை நாயுடுவின் மகளார் மங்கத்தாயாரும் கைக்கொண்டு பிடில் வித்வாம்ஸினியாக விளங்கினார்.