அம்பாசடரும் மின்சாரமும் – 6: பிரவுன் வயரின் பாரம்

டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்ட வேண்டும் என்பதுதான் பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு முதலில் வரும் ஆசை. ஆசையில் தப்பில்லை. சிக்னலில் நின்றால் டைனமோ தூங்கிவிடும். ஹெட்லைட்டும் வைப்பரும் பேட்டரியைத்தான் உறிஞ்சும். ஆனால் வேலையை எங்கே தொடங்குவது என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. முதலில் மாற வேண்டியது பேட்டரிக்குச் சார்ஜ் கொண்டுபோகும் பிரவுன் வயர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3 வழியாக நமக்கு வந்த வண்டி இது. அக்காலத்து பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூக்காஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் கொடுக்கும். அந்த அளவுக்கேற்ற வயரில் 0.3 மில்லிமீட்டர் இழைகள் 44 இருக்கும். சுமார் 3 சதுர மில்லிமீட்டர் செம்பு. 27 ஆம்பியர் வரை தாங்கும். அதில் 40 ஆம்பியர் ஓடினால், டைனமோவின் 22-ஐவிட மின்னோட்டம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, சூடு மூன்று மடங்குக்கும் மேல். மூன்று மீட்டர் வயரில் 0.6 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துபோகும். பல ஆல்டர்னேட்டர்களில் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. அது தன் முனையில் 14.2 வோல்ட்டைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடும். மறுமுனையில் பேட்டரிக்கு 13.5தான் போய்ச் சேருகிறது என்பது அதற்குத் தெரியாது. உரிமையாளரோ இன்னும் பெரிய ஆல்டர்னேட்டர் தேடுவார்.

வயரைவிட மோசம் அதன் இணைப்புகள். ஆல்டர்னேட்டருக்கு மாறும்போது டைனமோவோடு இருந்த பழைய கட்-அவுட் பெட்டியைத் தூக்கி எறிவதில்லை. அதன் முனைகளைத் தமக்குள் இணைத்து, வெறும் சந்திப்பாக வைத்துக்கொள்வது வழக்கம். அந்த முனையில் உள்ள பிரவுன் வயரின் தோலைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். செம்பு பளபளக்காது, கறுத்தோ பச்சைக் களிம்பு பூத்தோ இருக்கும், தோல் அப்பளமாக நொறுங்கும். அந்த இடத்தில் 0.05 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 ஆம்பியரில் அது 20 வாட் சூடு. 40 ஆம்பியரில் 80 வாட். எரிகிற ஹாலோஜன் ஹெட்லைட் பல்பு ஒன்றின் 55 வாட்டைவிட அதிகம், அதுவும் ஒரு ஸ்க்ரூவின் தலைக்கடியில்.

“ஆல்டர்னேட்டர் தானாக 40 ஆம்பியரைத் தள்ளாது, கேட்டதைத்தான் கொடுக்கும்” என்பார்கள். சரியான வாதம்தான். ஆனால் செல்ஃப் அடித்துக் களைத்த பேட்டரியும் கேட்கிற கூட்டத்தில் ஒன்று. தவிர, ஹாலோஜனும் எலெக்ட்ரிக் ஃபேனும் வைக்கத்தானே ஆல்டர்னேட்டரே வாங்குகிறோம்? “ஃபியூஸ் போட்டுவிட்டால் போதுமே” என்பது அடுத்த மறுப்பு. ஃபியூஸ் வேண்டும்தான், புது வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கில் ஆம்பியரைக் கொட்டும், அதனால் அதை பேட்டரி பக்கமாகவே வைக்க வேண்டும். ஆனால் களிம்பேறிய இணைப்பு மின்னோட்டத்தைக் கூட்டாமலேயே கொதிக்கும். 50 ஆம்பியர் ஃபியூஸ் அதை வேடிக்கைதான் பார்க்கும்.

மூன்றாவது மறுப்பு, எதையும் மாற்றக் கூடாது என்கிற ஒரிஜினல் பிரியர்களுடையது. எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. 50 வருடம் கடந்த வண்டிகளை வின்டேஜ் எனப் பதிவுசெய்யும் 2021 விதிகள் சேஸி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கின்றன. கூடுதலாக ஒரு வயர் அந்தப் பட்டியலில் வராது. பழைய வயரிங்கை வெட்டவே வேண்டாம். அது இருந்தபடி இருக்கட்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் சொலினாய்டின் பேட்டரி முனைக்கு 8.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றைத் தனியாக, நல்ல லக் அழுத்தி, கறுப்புக் குழாய்க்குள் இழுத்தால் போதும். பாசிட்டிவ் எர்த் வண்டியென்றால் அதை முதலில் நெகட்டிவாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

இத்தனையும் தேவையா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். ஹெட்லைட்டைப் போட்டு, என்ஜினை 2000 சுற்றில் வைத்து, ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டிலும் மற்றதை பேட்டரி பாசிட்டிவிலும் தொடுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரோ இணைப்போ சரியில்லை. குறைவாகக் காட்டியும் பேட்டரி ஏறவில்லையென்றால், அதே மீட்டரை ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வையுங்கள். அங்கே வோல்ட் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் என்ஜினையும் பாடியையும் இணைக்கிற எர்த் பட்டையில். அடுத்த வாரம் அந்தப் பட்டை.

(தொடரும்)