வெட்டினால் மட்டும் யூட் ஆகிவிடாது

1934 மாடல் ஃபோர்டு கூப்பே ஒன்றின் படம் கிடைத்தது. ரெண்டே கதவு, வளைந்த மட்கார்டு. முன்னாலிருந்து பார்த்தால் பெரிய வீட்டு வண்டி. ஆனால் டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் சரக்குப் பெட்டி. "யாரோ அறுத்து ஒட்டியிருக்காங்க" என்று மெல்போர்னில் இருக்கும் நண்பரிடம் அடித்துச் சொன்னேன். "இல்லப்பா, ஃபாக்டரியிலேருந்தே அப்படித்தான் வந்துச்சு" என்றார். அப்புறம் ரெண்டு மாதம் ராத்திரி எல்லாம் இதே வேலைதான்.

அறுத்து ஒட்டுவதும் நடந்திருக்கிறது. அமெரிக்க விவசாயிகள் மாடல் டி காரின் பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு மரப்பெட்டி மாட்டிக்கொண்டார்கள். 1925ல் ஃபோர்டே பெட்டி வைத்த மாடல் டியை விற்றது. ஆஸ்திரேலியாவிலும் 1920களிலேயே, துணிக்கூரை போட்ட ரோட்ஸ்டர்களுக்குப் பின்னால் சரக்குத் தட்டு வைத்து விற்றார்கள். அதனால் 1934தான் முதல் யூட் என்று யாராவது சொன்னால், எந்த அர்த்தத்தில் முதல் என்று கேட்க வேண்டும். (யூட்டிலிட்டி என்பதன் சுருக்கம்தான் யூட்.)

அந்தக் காலக் காரை ஏன் இவ்வளவு சுலபமாக வெட்ட முடிந்தது? சேசிஸ் ஏணி மாதிரி. நீளவாக்கில் ரெண்டு இரும்புச் சட்டம், குறுக்கே சில சட்டம். எஞ்சின், ஸ்பிரிங், அச்சு எல்லாம் அதில்தான் நிற்கும். பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார வைத்த கூடு. கூட்டில் பாதியை எடுத்தாலும் வண்டி ஓடும்.

ஓடும், ஆனால் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஏணி முறுக்கிக்கொள்ளும். அதன்மேல் கேபினும் பெட்டியும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தால் ரெண்டும் வெவ்வேறு கோணத்தில் சாயும். லாரிகளில் கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி விடுவது இதற்காகத்தான். இடைவெளி விடாமல் ஒரே கோட்டில் வெல்டிங் வைத்தால் அந்த மூலையில்தான் விரிசல் விடும். போதாததற்கு, பின்பக்கத்தை அறுத்த கேபின் ஒரு பக்கம் கிழிந்த அட்டைப்பெட்டி மாதிரி தளர்ந்துவிடும். சாஃப்ட்வேரிலும் இந்த வியாதி உண்டு. ஒட்டுப்போட்ட பேட்ச் முதல் நாள் நன்றாகத்தான் ஓடும்.

இப்போது ஜீலாங் நகரத்து ஃபோர்டு தொழிற்சாலைக்கு வருவோம். 1932, பொருளாதார மந்தம். விக்டோரியா மாநிலத்தில் கிப்ஸ்லாந்து பகுதி விவசாயி ஒருவரின் மனைவி கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிறார்: காரும் லாரியும் ரெண்டும் வாங்க எங்களுக்கு வசதியில்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி தரமாட்டீர்களா? அந்த நாளில் வங்கிகள் சொகுசுக் காருக்குக் கடன் தராது, வேலைக்கான வண்டிக்குத்தான் தரும் என்றும் சொல்வார்கள்.

வேலை லூ பாண்ட் என்ற இளம் டிசைனரிடம் வந்தது. அப்போது அவருக்கு இருபத்திச் சொச்சம் வயசுதான். பெரிய கரும்பலகையில் வண்டியை வரைந்தார். என்னை அசரவைத்தது ஒரே ஒரு முடிவு: பெட்டியைத் தனியாகச் செய்து கேபினுக்குப் பின்னால் மாட்டவில்லை. கூப்பேயின் பக்கத் தகட்டையே பின்விளக்கு வரை நீட்டினார். கேபினும் பெட்டியும் ஒரே உடம்பு. விரிசல் விடுவதற்கு அங்கே மூட்டே கிடையாது. வீல்பேஸ் 112 அங்குலம், சுமை 1200 பவுண்டு, அதாவது சுமார் 540 கிலோ. கண்ணாடியை ஏற்றி மூடினால் மழைத்தண்ணீர் உள்ளே வராது. ரோட்ஸ்டர் யூட்டில் அந்த அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு நனைந்திருக்கும். 1934ல் உற்பத்தி தொடங்கியது. நண்பர் சொன்னதுதான் சரி. கூப்பேயின் கூரையும் யூட்டின் முதுகும் சேர்ந்து ஃபாக்டரியிலிருந்தே வந்தது என்ற அர்த்தத்தில் "முதல்" என்று சொன்னால் நானும் ஒத்துக்கொள்கிறேன்.

வண்டியை அமெரிக்காவில் காட்டியபோது ஹென்ரி ஃபோர்டு அதைக் 'கங்காரு துரத்தி' என்று அழைத்ததாக ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் இந்த உருவம் பெரிதாகப் பிரபலமானது 1957ல் ஃபோர்டு ரான்செரோவும் 1959ல் செவ்ரலே எல் கமினோவும் வந்த பிறகுதான்.

பிற்காலத்துக் கார்களை வைத்து இதை முயற்சி செய்யாதீர்கள். அவற்றில் ஏணியே இல்லை. தரை, கூரை, பக்கத் தகடு எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. கூரையை அறுத்தால் முதுகெலும்பில் பாதி போச்சு. அடியில் தனியாகச் சட்டம் போட்டே ஆகணும்.

பாண்ட் ஓய்வுபெற்ற பிறகு 1934 யூட் ஒன்றைப் பழையபடி புதுப்பித்து வைத்திருந்தார். 1987ல் ஒரு டிவி ஆவணப்படத்துக்காக அதை ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்பும்போது லாரியோடு மோதி, அந்த வண்டியிலேயே இறந்தார்.

இனி பழைய படம் எது கிடைத்தாலும் நான் முதலில் பார்ப்பது கதவுக்குப் பின்னால். அங்கே இடைவெளியோ வெல்டிங் கோடோ இருந்தால் யாரோ கைவைத்த வண்டி. தகடு ஒரே வீச்சில் ஓடினால் நண்பருக்கு ஃபோன் போடுவேன்.