புக்கர் ஆண்டு: பட்டியல் வருவதற்கு முன்னால் நடப்பது என்ன?

எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட ஒரு கதைநூலுக்கு 50,000 பவுண்டு பரிசு. அதைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களில் மூன்று பேர் பிள்ளைகளே. லண்டனில் இயங்கும் புக்கர் பரிசு அறக்கட்டளை 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு இது. ‘சிறுவர் புக்கர்’ என்ற இந்தப் பரிசு 2027 பிப்ரவரியில் முதல் முறையாக வழங்கப்பட இருக்கிறது. சிறார் நாவலாசிரியர் ஃபிராங்க் காட்ரல் பாய்ஸ் தலைமையில் பெரியவர்கள் மூவர் எட்டு நூல்களைப் பொறுக்கி எடுப்பார்கள். பிறகு மூன்று சிறுவர்கள் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து வெற்றியாளரை முடிவு செய்வார்கள். பட்டியலில் இடம்பெறும் நூல்களில் குறைந்தது 30,000 பிரதிகளைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதும் திட்டத்தில் அடக்கம்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை மட்டுமல்ல, பிற மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சிறார் நூல்களும் இதில் போட்டியிடலாம். தமிழில் பிள்ளைகளுக்காக எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நூல் பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளியாகியிருக்க வேண்டும். புக்கரின் மூன்று பரிசுகளுக்கும் பொதுவான வாசல் அது. அந்த வாசலைப் பற்றித் தெரிந்துகொண்டால், ஆண்டுதோறும் வரும் பட்டியல்களில் தமிழ் ஏன் அபூர்வமாகத் தென்படுகிறது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் ஆண்டின் ஓட்டத்தைப் பார்த்துவிடுவோம். பிப்ரவரி இறுதி அல்லது மார்ச் வாக்கில் பன்னாட்டு புக்கரின் நெடும்பட்டியல் வரும். பிற மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட புனைவுகளுக்கான பரிசு அது. மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ அது ஆறு நூல்களாகச் சுருங்கும். மே மாதம் முடிவு தெரியும். ஜூலை இறுதியில் இன்னொரு நெடும்பட்டியல். இது ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட நாவல்களுக்கான மூல புக்கர் பரிசுக்கு உரியது. செப்டம்பரில் குறும்பட்டியல், இலையுதிர் காலத்தில் விழா. 2025-ல் குறும்பட்டியல் அறிவிப்பே லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் பொதுமக்கள் கலந்துகொண்ட நிகழ்ச்சியாக நடந்தது. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அந்த ஆண்டின் பரிசு நவம்பர் 10 அன்று டேவிட் சலாயின் ‘ஃப்ளெஷ்’ நாவலுக்குப் போனது. கிரண் தேசாயின் நாவலும் இறுதி ஆறில் இருந்தது.

செய்தித்தாளில் நாம் பார்ப்பது இந்தச் சில நாட்களைத்தான். உழைப்பு நடப்பது மற்ற நாட்களில். 2025-ல் ரோடி டாயில் தலைமையிலான ஐந்து நடுவர்கள் முன்னால் வந்து குவிந்தவை 153 நூல்கள். நடிகை சாரா ஜெசிகா பார்க்கரும் அந்த ஐவரில் ஒருவர். ஏழு மாதத்துக்குள் படித்து முடிக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு ஐந்து நாவல்கள் ஆகின்றன. நெடும்பட்டியல் முடிவானதும் அதிலுள்ள பதின்மூன்று நூல்களையும் மறுபடி படிக்க வேண்டும். குறும்பட்டியல் வந்தபின் அந்த ஆறையும் மூன்றாம் முறை. இரண்டாவது வாசிப்பில் சரிந்து விழும் நாவல்கள் உண்டு, எழுந்து நிற்பவையும் உண்டு. பரிந்துரைக் கடிதங்களால் நிரம்பிய நம் ஊர்ப் பரிசுகள் பலவற்றோடு ஒப்பிட்டால், நடுவர் எல்லா நூல்களையும் படித்தே ஆக வேண்டும் என்ற இந்த ஒரு வழக்கத்துக்காகவே புக்கரை மதிக்கலாம்.

எழுத்தாளர் தானே நூலை அனுப்ப முடியாது. பதிப்பகம்தான் அனுப்ப வேண்டும். மூல புக்கருக்கு ஒரு பதிப்பகம் எத்தனை அனுப்பலாம் என்பதும் கடந்த ஐந்தாண்டுகளில் அதன் நூல்கள் எத்தனை முறை நெடும்பட்டியலில் வந்தன என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே ஜெயித்த பதிப்பகத்துக்குக் கூடுதல் இடம் என்ற இந்த ஏற்பாடு சிறு பதிப்பகங்களுக்குக் கடினமானது. அப்படியிருந்தும் 2022-ல் ‘சார்ட் ஆஃப் புக்ஸ்’ என்ற மிகச் சிறிய லண்டன் பதிப்பகத்தின் நூல் பரிசை வென்றது. அதுதான் இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவின் ‘தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா’. அதன் முந்தைய வடிவம் 2020-லேயே ‘சாட்ஸ் வித் தி டெட்’ என்ற தலைப்பில் இந்தியாவில் வெளிவந்திருந்தது. இலங்கை அரசியல் தெரியாத வாசகருக்காக அதைத் திருத்தி எழுதி, தலைப்பை மாற்றி, பிரிட்டனில் வெளியிட்ட பிறகே அது புக்கர் வாசலைத் தொட்டது. மேடையில் அவர் தமிழிலும் சிங்களத்திலும் தம் நாட்டு மக்களோடு பேசினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கொழும்பில் பிறந்த தமிழரான அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பாசேஜ் நார்த்’ குறும்பட்டியலில் இடம்பிடித்தது. இலங்கைப் போருக்குப் பிந்தைய துயரத்தைச் சொல்லும் நாவல் அது.

இவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழில் எழுதப்பட்ட நூலின் கதை வேறு.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2013-ல் வெளியானது. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016-ல் இந்தியாவில் வந்தது. லண்டனின் புஷ்கின் பிரஸ் அதை வெளியிட்டது 2022-ல். மறு ஆண்டு மார்ச்சில் பன்னாட்டு புக்கரின் நெடும்பட்டியலில் அது இடம்பெற்றது. அந்தப் பட்டியலுக்கு வந்த முதல் தமிழ் நாவல். எழுதப்பட்டதிலிருந்து பட்டியலுக்கு வரப் பத்தாண்டு. இதில் பெருந்தாமதம் மொழிபெயர்ப்பில் ஏற்பட்டதல்ல, பிரிட்டனில் ஒரு பதிப்பாளர் கிடைக்க ஆன காலம். 2025 நெடும்பட்டியலில் இருந்த ஆஸ்ட்ரிட் ரூமரின் டச்சு நாவல் முதலில் வெளிவந்தது 1982-ல். நாற்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்த நூல் அது. பழைய நூல் என்பது தடையில்லை என்பதற்கும் அதுவே சான்று.

நம் பக்கத்து மாநிலத்து உதாரணம் இன்னும் தெளிவானது. ஹாசன் நகரின் வழக்கறிஞரும் எழுத்தாளருமான பானு முஷ்டாக் முப்பதாண்டுக்கு மேலாகக் கன்னடத்தில் எழுதிவந்த கதைகளிலிருந்து பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்தவர் குடகைச் சேர்ந்த தீபா பாஸ்தி. ‘ஹார்ட் லாம்ப்’ என்ற அந்தத் தொகுப்பை ‘அண்ட் அதர் ஸ்டோரீஸ்’ என்ற சிறு பதிப்பகம் வெளியிட்டது. 2025 மே 20 அன்று பன்னாட்டு புக்கர் அதற்குக் கிடைத்தது. சிறுகதைத் தொகுப்பு ஒன்று இந்தப் பரிசை வென்றது அதுவே முதல் முறை. 2022-ல் வென்ற கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலும் ‘டில்டட் ஆக்சிஸ்’ என்ற சிறு பதிப்பகத்தின் வெளியீடுதான். இந்திய மொழி நூல்களுக்குக் கதவைத் திறப்பவை பெருநிறுவனங்களைக் காட்டிலும் இத்தகைய சின்னப் பதிப்பகங்களே என்பதை இந்த இரண்டு வெற்றிகளும் காட்டுகின்றன.

தமிழ் எழுத்துலகம் கணக்கில் கொள்ள வேண்டிய விதி ஒன்று இதில் இருக்கிறது. மூல புக்கர் நாவலுக்கே உரியது; பன்னாட்டு புக்கரோ சிறுகதைத் தொகுப்புகளையும் ஏற்கிறது. சிறுகதையில் தமிழின் பலம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே எழுத்தாளரின் முப்பது ஆண்டுக் கதைகளிலிருந்து பன்னிரண்டைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவருக்கு அந்த வேலையில் ஓரிரு ஆண்டுகள் ஊன்றி உட்காரப் பணமும் வேண்டும். தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி, வெளிநாட்டுப் பதிப்பாளர்களை அழைத்து மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பேச வைக்கிறது. மொழிபெயர்ப்புக்கு நல்கையும் தருகிறது. ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைவிட, அவற்றில் எத்தனை நூல்கள் பிரிட்டிஷ் புத்தகக் கடைக்குப் போய்ச் சேர்கின்றன என்பதையே இனி ஆண்டுதோறும் கேட்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பன்னாட்டு புக்கரின் 50,000 பவுண்டு எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் போகிறது. 2016-ல் இப்போதைய வடிவத்துக்கு மாறியபோதே வந்த ஏற்பாடு இது. அந்த ஆண்டு ஹான் காங்கின் ‘தி வெஜிடேரியன்’ வென்றபோது மொழிபெயர்ப்பாளர் டெபோரா ஸ்மித்துக்கும் அதே தொகை கிடைத்தது. அந்த நாவலைத் தமிழில் கவிஞர் சமயவேல் ‘மரக்கறி’ என்று தந்திருக்கிறார். அருந்ததி ராயின் 1997 புக்கர் நாவலை ஜி. குப்புசாமி ‘சின்ன விஷயங்களின் கடவுள்’ என்று தந்தார். இப்படிப்பட்டவர்களின் பெயரை அட்டையில் தெளிவாக அச்சிடுவதற்குக் கூடத் தயங்கும் பதிப்பகங்கள் இன்னும் இருப்பது நியாயமே இல்லை.

பரிசின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1969-ல் இதைத் தொடங்கிப் பணம் கொடுத்தது புக்கர் மெக்கானல் நிறுவனம். அது பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களில் செழித்த வணிக நிறுவனம். அந்தத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் மதராஸிலிருந்து போனவர்களும் உண்டு. 1972-ல் பரிசு வாங்கிய ஜான் பெர்ஜர் இந்தப் பின்னணியை மேடையிலேயே எடுத்துச் சொல்லி, தொகையில் பாதியை பிரிட்டனின் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்துக்குக் கொடுப்பதாக அறிவித்தார். 2019-லிருந்து கிராங்ஸ்டார்ட் அறக்கட்டளை பணம் தருகிறது; பழைய நிறுவனத்தின் பெயர் மட்டும் பரிசில் நிலைத்துவிட்டது.

நெடும்பட்டியல் வரும் நாளில் வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வென்றவர் யார் என்று தெரியும்வரை காத்திருக்காமல், பட்டியலில் உள்ள ஒரே ஒரு நூலையாவது உடனே வாங்கிப் படியுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் அதை வாங்குங்கள். பள்ளி நூலகத்துக்குப் பொறுப்பானவர்கள் 2026 நவம்பர் இறுதியில் வரவிருக்கும் சிறுவர் புக்கரின் எட்டு நூல் பட்டியலை இப்போதே நாட்குறிப்பில் குறித்துவைத்துக்கொள்ளலாம்.