நில இலக்கியமும் மாணவர் எதிர்வினையும்: கோலார் தங்கவயலை முன்வைத்து

1. முன்னுரை

இலக்கியத்தில் இடம்பெறும் நிலத்தை மாணவர் தாம் வாழும் நிலத்தின் சொற்களைக் கொண்டே உணர்கின்றனர். பாடநூலின் நிலமும் மாணவரின் நிலமும் ஒத்திருப்பின் இவ்வுணர்வு எளிதில் கைகூடும். வேறுபடின் மாணவர் தரும் விடை பிழையெனத் தோன்றும். அவ்வாறு தோன்றுவது பிழைதானா என்னும் வினாவைக் கர்நாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நிலமும் பெயரும்

1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கத் தொழிலை விரிவாக நடத்தத் தொடங்கினர். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக வந்து குடியேறினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மிகுதியான ஆழம் கண்டது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கழிவுமணல், ‘சயனைடு மலை’ என்னும் பெயருடன் குன்றுகள் போல் எஞ்சியுள்ளது.

‘தங்கவயல்’ என்பது ‘கோல்டு ஃபீல்ட்ஸ்’ என்னும் ஆங்கிலத் தொடரின் நேர் பெயர்ப்பாகும். ‘ஃபீல்டு’ என்னும் ஆங்கிலச் சொல் விளைநிலத்தையும் கனிமம் கிடைக்கும் பரப்பையும் ஒருங்கே குறிக்கும். தமிழ் ‘வயல்’ சிறப்பாக நெல் விளையும் நன்செய்யைக் குறிப்பது. கன்னடத்திலோ ‘சின்னத கணி’ எனச் சுரங்கத்தை நேரே சுட்டும் வழக்கு உண்டு. இவ்வாறு, மருதத்திற்குரிய சொல் ஒன்று உழவில்லாத சுரங்க நிலத்தின் பெயராயிற்று.

3. திணையும் எதிர்வினையும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாக வகுக்கிறது. இவ்வகைப்பாட்டைக் கற்கும் தங்கவயல் மாணவர் தம் ஊரை எத்திணையில் அடக்குவது? முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறும் கருத்து இங்குத் துணைசெய்கிறது. அங்கு நிலத்தைத் திரிப்பது வெயில். இங்குத் திரித்தது தொழில். பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. சுரங்கங்கள் மூடப்பட்டபின் நாள்தோறும் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு இரயிலேறிப் பணிக்குச் செல்வோரைக் கொண்ட ஊரில், அவ்வுரிப்பொருள் நூற்செய்தியாக மட்டும் நில்லாது. ஆதலின் ‘எங்கள் ஊர் பாலை’ என ஒரு மாணவர் எழுதுவாராயின், அது திணை மயங்கிய விடையன்று. கோட்பாட்டை உணர்ந்து பொருத்திய விடையாகும்.

4. புனைகதை வாசிப்பு

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) கரிசல் நிலத்தின் நாவலாகப் பயிலப்படுகிறது. அதில் வருவோர் ஆந்திரப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து, காட்டைத் திருத்தி ஊர் அமைத்தவர்கள். கரிசலில் பிறந்த மாணவர் அதில் மண்ணையும் பயிரையும் முதலில் காண்பர். இடம்பெயர்ந்தோர் வழிவந்த தங்கவயல் மாணவர் குடிபெயர்வையும் வேற்று மொழிச் சூழலில் தாய்மொழி நிலைபெறுவதையும் முதலில் காணக்கூடும். இரண்டும் நாவலில் உள்ளவையே. முன்னதை மட்டும் சரியான விடையாகக் கொள்ளும் மதிப்பீடு, மாணவரின் நிலத்தை இலக்கியத்திற்குப் புறத்தே நிறுத்திவிடுகிறது.

5. மொழிபெயர்ப்புக்குரிய பயன்

இச்சிக்கல் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது. சுரங்க ஊரைப் பற்றிய ஆங்கிலக் கதையில் கழிவுமணல் மேடு ‘ஹில்’ எனப்படின், அதனைக் ‘குன்று’ எனப் பெயர்த்தல் குறிஞ்சி நினைவை எழுப்பும். ‘கழிவுமேடு’ எனின் அங்கு வாழ்வோர்க்கு அது மலையாக விளங்கும் உறவு மறையும். ‘சயனைடு மலை’ என்னும் ஊர்வழக்கு இவ்விரண்டையும் ஒருங்கே காக்கிறது. ‘வயல்’ என்பதனை ஊர்ப்பெயரில் அவ்வாறே நிறுத்தி, தொழிலைச் சுட்டுமிடத்துச் ‘சுரங்கம்’ என வேறுபடுத்துதல் தகும்.

6. முடிவுரை

நிலச்சொற்களின் பொருள் அகராதியில் மட்டும் அமைவதன்று. வாழுமிடமும் அதனை வரையறுக்கிறது. எனவே மாணவர் எதிர்வினையில் காணும் வேறுபாட்டைத் திருத்துவதற்கு முன் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவுகள் வட்டாரச் சொல்லகராதிக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஒருசேரப் பயன்படும் மொழித்தரவுகளாகும்.